கீழ்த்திட்டில் கன்னி மண்

தோங்யா கிராமம்
3 மார்ச் 1984

லிங்யுனுக்கு,

உன் அண்ணன் ஷோதியன் எழுதுகிறேன். பதினாறு மாதம் கழித்து இவன் ஏன் எழுதுகிறான், சாவு ஏதும் விழுந்துவிட்டதா என்று பயப்படாதே. எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். உன் அண்ணிக்கு முழங்கால் வலி. மகன் சிங்வாங்குக்குப் பெண் பார்த்தாகிவிட்டது. ஆற்றுக்கு அக்கரை, தூ வீட்டுப் பெண், ஹோங்யே என்று பெயர்.

சமாதானம் பேச எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரைக் கீழ்த்திட்டில் நீ தலைமை தாங்கிய அகழாய்வின் கடைசி நாளில் ஆறு ஆட்கள் முன்னால், "அண்ணே, நீ தோண்டுற ஆளு. எது கன்னி மண்ணுன்னு முடிவு பண்றது என் வேலை" என்று சொன்னாய். துளை போட்டு அடிமண்ணை எடுக்கும் என் மண்கோலைக் கீழே போட்டுவிட்டு வந்தேன். அது இன்னும் தொண்டையில் நிற்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மலைக்குகை வீடுகளை விட்டு ஊரே கீழ்த்திட்டுக்கு இறங்கப்போகிறது. நாற்பத்திரண்டு மனை, செங்கல் வீடுகள், எல்லாம் ஆற்றைப் பார்த்த வாசல். மாவட்டம் அனுமதி கொடுத்தது எதை வைத்து என்று உனக்குத் தெரியும். 'ஒன்று புள்ளி நான்கு மீட்டருக்குக் கீழே கன்னி மண். அதற்கடியில் மனிதத் தடயம் இல்லை' என்று உன் அலுவலகம் கொடுத்த சான்றிதழை வைத்து. அடியில் உன் கையெழுத்து. கோதுமை அறுவடை முடிந்ததும் அஸ்திவாரம் போடுகிறார்கள்.

எனக்கு மூன்றாவது வரிசையில் நான்காவது மனை. போன வாரம் அங்கே சர்க்கரைவள்ளிக்கிழங்கு போட்டு வைக்க ஒரு நிலவறை தோண்டலாம் என்று போனேன். பழக்கதோஷம், முதலில் கோலை இறக்கிப் பார்த்தேன். மேலே நீ எழுதியபடியே, மூவாயிரம் வருடப் பழைய சோவ் காலத்து ஓடுகள். பிறகு சுத்தமான மஞ்சள் மண். நீ நிறுத்திய இடம். நான் நிறுத்தவில்லை. மூன்று மீட்டரில் கோல் பொதுக்கென்று இறங்கியது. ஏறி வந்தது சாம்பலும், ஒரு பக்கம் வழவழவென்று தேய்த்த ஒரு சுண்ணாம்புச் சில்லும். கன்னி மண்ணுக்கு அடியில் யார், லிங்யுன், சுண்ணாம்புத் தரை போட்டார்கள்?

ஒரு வீட்டின் தலையில் ஒன்றரை மீட்டர் மண்ணைக் கொட்டியது யார் என்று நீயே யோசி. இந்த ஊரில் அவ்வளவு மண் சுமக்க ஆற்றைத் தவிர வேறு ஆள் கிடையாது. அந்த இடத்தில்தான் என் மகனைக் குடிவைக்கப் போகிறேன்.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அறுவடைக்கு முன்னால் உன் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்.

ஷோதியன்


தைய்யுவான்
12 மார்ச் 1984

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம் என்று அறிந்து நிம்மதி. சிங்வாங் பற்றிய செய்தி மகிழ்ச்சி தந்தது.

நீங்கள் கேட்பது சின்ன விஷயம் இல்லை. ஒரு கோல் துளையில் வந்த சாம்பலை வைத்து ஒரு சான்றிதழைத் திரும்பப் பெற முடியாது. எலி வளையாக இருக்கலாம், பின்னால் யாரோ வெட்டித் தூர்த்த கிணறாக இருக்கலாம். இதெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மஞ்சள் மண்ணில் ஒரு ஓட்டுத் துண்டு இல்லை, ஒரு கரித்துகள் இல்லை. ஐந்து குழிகளிலும் பார்த்துத்தான் கையெழுத்திட்டேன்.

என் அகழாய்வு அறிக்கை அச்சகத்தில் இருக்கிறது. அடுத்த மாதம் துணைத் தலைவர் பதவிக்கு என் பெயரை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். பதினெட்டு வருடத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலில் வருவது இதுதான் முதல் தடவை. இந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்று நான் பேசியது தப்பு என்றால் அதற்குத் தனியாகத் திட்டிவிடுங்கள். மண்ணை இழுக்க வேண்டாம்.

அண்ணிக்கு முழங்காலுக்குப் போடப் பட்டை பிளாஸ்திரி அனுப்பியிருக்கிறேன்.

லிங்யுன்

இதைக் கேட்கக்கூடாது, ஆனாலும் கேட்கிறேன். அந்த மஞ்சள் மண்ணைக் கையில் எடுத்து உடைத்தால் எப்படி உடைகிறது?


தோங்யா
20 மார்ச் 1984

லிங்யுனுக்கு,

உன் கடிதம் முழுக்க 'நீங்கள்', 'உங்கள்'. உன் அண்ணி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "யாருங்க எழுதினது, மாவட்ட அதிகாரியா?" என்றாள். மூக்கு ஒழுக ஒழுக என் முதுகில் ஏறிச் சந்தைக்கு வந்தவள் நீ. கோபம் இருந்தால் 'நீ' என்றே திட்டு, எனக்கு அதுதான் புரியும்.

உன் கடிதத்தில் படிக்கத் தகுந்தது கடைசி வரி ஒன்றுதான். அதற்குப் பதில் எழுதுகிறேன். கன்னி மண் செங்குத்தாக, கட்டி கட்டியாக உடையும். இடையிடையே இஞ்சி மாதிரி முண்டும் முடிச்சுமாகச் சுண்ணாம்புக்கல், அதுதான் இஞ்சிக்கல், கிடக்கும். இது உன் அண்ணி சுடும் அடுக்கு ரொட்டி மாதிரி ஏடு ஏடாகப் பிரிகிறது. ஒரு உள்ளங்கைக் கட்டியில் பதினேழு ஏடு எண்ணினேன். இஞ்சிக்கல் மருந்துக்குக்கூட இல்லை. இது கன்னி மண் இல்லை, தண்ணீர் கொண்டுவந்து படுக்கவைத்த மண். அன்று வெயிலில் காய்ந்த முகத்தை மட்டும் பார்த்தாய். நானும் அதைத்தான் பார்த்தேன். ஆனால் நான் இன்னும் ஒரு முழம் தோண்டக் கேட்டேன்.

என் மனையிலேயே இன்னும் மூன்று இடத்தில் கோல் இறக்கினேன். மூன்றிலும் அதே ஆழத்தில் சாம்பல், அதே சுண்ணாம்பு. கட்டியை பிஸ்கட் டப்பாவில் வைத்து லாரிக்கார வெய்யிடம் கொடுத்தனுப்புகிறேன். டப்பாவின் மூலையில் காகிதத்தில் மடித்து ஒன்று வைத்திருக்கிறேன். கடைசித் துளையில் வந்தது. பல். சின்னது. நாய்ப்பல்லா என்று கேட்பாய். இல்லை. உன் அண்ணிக்குக் காட்டவில்லை.

இதில் எனக்கு லாபம் என்று நினைக்காதே. நேற்று சம்பந்தி தூ வந்திருந்தார். தின்ன எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே பேசினார். "குகையில குடியிருக்கிறது எங்க தலைமுறையோட போகட்டும். செங்கல் வீடு எழும்பட்டும், பொண்ணு தானா வந்து விளக்கேத்துவா. வீடு இல்லைன்னா பேச்சும் இல்லை" என்றார். சிங்வாங் பக்கத்தில்தான் நின்றான். நீ கையெழுத்தைத் திரும்ப வாங்கினால் என் மருமகள் போய்விடுவாள். தெரிந்துதான் கேட்கிறேன்.

ஷோதியன்


தைய்யுவான்
2 ஏப்ரல் 1984

அண்ணா,

டப்பா வந்தது. கட்டியைத் தண்ணீரில் போட்டேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏடுகள் ஒவ்வொன்றாக விரிந்து படுத்தன. மேசைக்கு எதிரே இருந்தவர், "என்ன, டீத்தூளா?" என்று கேட்டார். 

தப்பு என்னுடையது. இதை எழுத இரண்டு தாள் கிழித்தேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன்னிடம் எதுவும் பேச எனக்கு வாய் இருக்காது. அன்று நீ இன்னும் ஒரு முழம் என்று சொன்னபோது, சரி, தோண்டலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த வாரம் முழுக்க ஆட்கள் நீ சொன்னதைத்தான் கேட்டார்கள். நான் ஒரு இடத்தைக் காட்டினால் உன் முகத்தைப் பார்த்துவிட்டு வெட்டினார்கள். தலைவி நான். நிலம் உறையும் முன் முடிக்க வேண்டும் என்பது நான் எல்லோரிடமும் சொன்ன காரணம். உன்னை ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்பதுதான் நிஜமான காரணம். அதற்காக ஒரு முழம் மண்ணை விட்டுவிட்டேன்.

ஆகவேண்டியதைச் சொல்கிறேன். மறு அகழாய்வு மனுவில் இரண்டு கையெழுத்து வேண்டும், ஒன்று களத் தலைவருடையது, இன்னொன்று மண்ணைச் சோதித்த களப்பணியாளருடையது. சட்டம் அப்படி. மனு உள்ளே போன அன்றே கட்டட வேலை நிற்கும். 25ஆம் தேதி நான் அங்கே வருகிறேன். அதுவரை உன் துளைகளை மூடாதே. ஆழக்குறிப்பைப் பென்சிலில் எழுதாமல் மையில் எழுதிவை.

துணைத் தலைவர் பதவி பற்றி நீ கேட்கமாட்டாய், நானும் பேசப்போவதில்லை. அந்தப் பல்லை என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

லிங்யுன்


தோங்யா
14 ஏப்ரல் 1984

லிங்யுனுக்கு,

வராதே.

துளைகளை மூடிவிட்டேன். மறுபடியும் யோசித்துப் பார்த்தேன். அது பழைய கிணறாகத்தான் இருக்க வேண்டும். பல் நாயுடையதாக இருக்கலாம். எனக்கு வயது ஐம்பத்தொன்று, கண் முன்போல் இல்லை.

சிங்மிங் பண்டிகையன்று முன்னோர் கல்லறைகளைக் கூட்டிவிட்டு வந்தபோது ஊர்ச் செயலாளர் நிங் என்னை எல்லோர் முன்னாலும் நிறுத்திவிட்டார். நான் மனையில் கோல் இறக்கியதை எவனோ பார்த்திருக்கிறான். "ஷோதியன், அடியில ஒண்ணுமில்லைன்னு உன் தங்கச்சியே எழுதிக் குடுத்திருக்கா. இருக்குன்னு நீ சொன்னா, உங்க ரெண்டு பேர்ல யாரு பொய்?" என்றார். வெள்ளம் வரலாம் என்று வாயெடுத்தேன். "வெள்ளமா? அதைத்தான் யூ ராஜா நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே அடக்கிட்டாரே! சொந்த வீட்டு வாசலை மூணு தடவை தாண்டிப் போயும் உள்ள போகாம வேலை பாத்தாராம். நீ என்னடான்னா எவனையும் வீட்டுக்குள்ளயே போகவிடமாட்டேங்கிற" என்றார். ஊரே சிரித்தது.

சிரித்ததைத் தாங்கிக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் சிங்வாங், "அப்பா, உங்களுக்கு உங்க கோல் போதும். எனக்குக் குடும்பம் வேணும்" என்றான்.  உன் அண்ணி அன்று எனக்குச் சோறு வைத்த வேகத்தில் கிண்ணம் விரிசல் விட்டது. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குகைச்சுவர் மண் உதிர்ந்து விழும் சோற்றைத்தான் சாப்பிடுகிறாள். கண்ணாடி ஜன்னல் வைத்த வீடு என்று எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று உனக்கே தெரியும்.

நீ எழுதியதுதான் சரி. கன்னி மண்தான். நான்தான் தோற்றேன். சந்தோஷமாக இரு, பதவியை வாங்கிக்கொள்.

ஷோதியன்


தைய்யுவான்
21 ஏப்ரல் 1984

அண்ணா,

பொய் எழுத உனக்குத் தெரியாது. கிணறு நாலு இடத்தில் இருக்குமா? எல்லாம் ஒரே ஆழத்தில்? எல்லாவற்றிலும் சுண்ணாம்புத் தரையா? முதல் கடிதத்தில் என்னைச் செருப்பால் அடிக்காத குறையாகக் கேட்டவன் நீ. இப்போது நான் தப்பை ஒத்துக்கொண்ட பிறகு, தப்பே நடக்கவில்லை என்கிறாய். என்னை என்ன செய்யச் சொல்கிறாய்?

இது செத்துப்போனவர்களின் விஷயம் மட்டும் என்றால் நானும் விட்டுவிடுவேன். மண்ணுக்கடியில் நாலாயிரம் வருடம் இருந்தவர்களுக்கு இன்னும் நூறு வருடம் ஒன்றும் கூடுதல் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். திட்டு ஆற்றுக்கு ஒன்பது மீட்டர் மேலே. நாம் சின்னவர்களாக இருந்தபோது வந்த பெருவெள்ளம் அதில் பாதிதான் ஏறியது. அதை வைத்துத்தான் ஊர், திட்டுக்குத் தண்ணீர் வராது என்று நம்புகிறது. ஒரு தடவை வந்திருக்கிறது. திட்டின் மேல் ஒன்றரை மீட்டர் சேறு விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அந்தச் சேற்றின் மேல் பிற்பாடு வீடு கட்டிய சோவ் காலத்து ஆட்களுக்குத் தங்கள் காலடியில் யார் கிடக்கிறார்கள் என்று தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டு சிங்வாங்கை அங்கே அனுப்புவாயா?

உன் இரண்டு கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. துளைகளின் ஆழம், ஏடுகளின் எண்ணிக்கை எல்லாம் உன் கையெழுத்திலேயே. மனுவோடு அவற்றை வைத்தால் போதும், உன் ஒப்பம் இல்லாமலே நடக்கும். வைக்கட்டுமா என்று கேட்கிறேன். கேட்காமலே செய்திருக்கலாம். ஒரு தடவை உன் பேச்சைக் கேட்காமல் செய்துவிட்டுப் பட்டதே போதும்.

லிங்யுன்


தோங்யா
29 ஏப்ரல் 1984

கடிதங்களைக் காட்டாதே. காட்டினால் இந்த ஊரில் நான் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. சிங்வாங் வீட்டை விட்டே போய்விடுவேன் என்கிறான். காட்டினாயானால் நான் உனக்கு அண்ணன் இல்லை, நீ எனக்குத் தங்கை இல்லை.

ஷோதியன்


தைய்யுவான்
6 மே 1984

அண்ணா,

உன் கடிதங்களை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பல்லையும் உறைக்குள் வைத்திருக்கிறேன். நகல் எதுவும் எடுக்கவில்லை. என்னை நம்புவதானால் நம்பு.

நேற்று மனு கொடுத்துவிட்டேன், என் ஒரு கையெழுத்தோடு. கீழ்த்திட்டில் வெள்ள மண்ணைக் கன்னி மண் என்று தவறாக முடிவு செய்தேன், அந்தத் தவறு என்னுடையது மட்டும், களப்பணியாளர் எவருக்கும் இதில் பங்கில்லை என்று எழுதினேன். உன் பெயர் அதில் எங்கும் இல்லை.

எங்கள் தலைவர் மூன்று தடவை படித்தார். "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, "இதை நீயே கிழிச்சுப் போட்டா நான் பாக்கலைன்னு வெச்சுக்கறேன்" என்றார். நல்ல மனுஷர்தான். நான் கிழிக்கவில்லை. 

ஒற்றைக் கையெழுத்து செல்லாது என்பதால் 28ஆம் தேதி மூன்று பேர் கொண்ட குழு அங்கே வருகிறது. அவர்கள் நாலு இடத்தில் கோல் இறக்குவார்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் மனு தள்ளுபடி, வீடுகள் எழும்பும், நான் பைத்தியக்காரி. என்னை வரக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். உன்னைக் கேட்பார்கள். என்ன சொல்வது என்பது உன் இஷ்டம்.

லிங்யுன்


தோங்யா
30 மே 1984

லிங்யுன்,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இடையில் நிறுத்தாமல் படி.

குழு வந்தது. ஊர் முழுக்கத் திட்டில் நின்றது. சம்பந்தி தூவும் அக்கரையிலிருந்து வந்திருந்தார். செயலாளர் நிங் அவர்களைக் கிழக்கு மூலைக்கு அழைத்துப் போனார். அங்கே திட்டு உயரம். வெள்ளம் ஏறாத இடம். இஞ்சிக்கல் நிறைந்த அசல் கன்னி மண். எனக்குத் தெரியும், நிங்குக்குத் தெரியாது. அவர் நிழல் இருக்கிறது என்று போனார், அவ்வளவுதான். நாலு துளையும் அங்கேயே போட்டார்கள். நாலிலும் கன்னி மண்.

குழுவின் மூத்தவர் என்னிடம் வந்து, "போன தடவை மண்ணு பாத்தது நீங்கதானே? இந்தத் திட்டுல வேற எங்கயாவது சந்தேகம் உண்டா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சிங்வாங் பார்த்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை, லிங்யுன். தலையைக்கூட ஆட்டவில்லை. நின்றேன். அவர் சரி என்று நோட்டை மூடிவிட்டார். ஆட்கள் கோலைக் கழற்றிச் சாக்கில் சுற்ற ஆரம்பித்தார்கள்.

அப்போது உன் அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அங்க என்னத்தைக் குத்திக்கிட்டிருக்கீங்க? மூணாவது வரிசை, நாலாவது மனைக்கு வாங்க. எங்க மனைதான்" என்றாள். நிங், "அக்கா, வெயில்ல நிக்காதீங்க, வீட்டுக்குப் போங்க" என்றார். அவள் உள்ளங்கையை விரித்தாள். பல்.

நீ அனுப்பிய உறையை நான் வயலில் இருக்கும்போது தபால்காரர் அவளிடம் கொடுத்திருக்கிறார். மூன்று வாரமாக அவளிடமே இருந்திருக்கிறது, கடிதங்களை எழுத்துக்கூட்டிப் படித்தும் இருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நாலு பிள்ளை பெத்தவ நான். நாலு பேரோட பால்பல்லையும் நான்தான் எடுத்தேன். கீழ்ப்பல்லைக் கூரைமேல வீசினேன், மேல்பல்லைக் கட்டிலுக்கடியில போட்டேன். விழுந்த பால்பல்லுல வேர் இருக்காது, தேய்ஞ்சு போயிருக்கும். இதைப் பாருங்க, வேர் முழுசா இருக்கு. இது விழுந்த பல்லு இல்ல. வாயிலயே இருந்த பல்லு. அந்தப் பிள்ளை எங்க மனைக்கு அடியில கிடக்கு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "கோலை எடுங்க" என்றாள்.

எடுத்தேன். மூன்றாவது மீட்டரில் அதே சாம்பல், அதே சுண்ணாம்பு. மூத்தவர் அதை விரலில் தேய்த்து முகர்ந்தார். நோட்டைத் திறந்தார்.

தூ படகுத் துறைக்கு நடந்தார். சிங்வாங் இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊரில் எங்கள் வாசல் பக்கம் யாரும் வருவதில்லை. உன் அண்ணி மட்டும் வழக்கம்போல் சமைக்கிறாள். "கண்ணாடி ஜன்னல் போச்சே" என்றேன். "உங்க வாய் போனதுக்கு இது பரவாயில்ல" என்றாள்.

ஷோதியன்


தைய்யுவான்
24 ஜூன் 1984

அண்ணா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. உட்காருவேன், அந்த மூத்தவர் கேட்ட கேள்வியும் நீ நின்றதும் கண்முன் வரும், எழுந்துவிடுவேன். அண்ணி பேசியிருக்காவிட்டால் என் கதை அந்தக் கிழக்கு மூலையிலேயே முடிந்திருக்கும். நீ பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய்.

மறு அகழாய்வுக்கு உத்தரவு வந்துவிட்டது. அது உனக்கே தெரியும், உன்னைத்தான் களப்பணிக்குக் கேட்டிருக்கிறார்கள். புதுத் தலைவர் இளைஞர், பெயர் ஷீ. நல்லவர், ஆனால் அவசரக்காரர். பார்த்துக்கொள்.

என் அறிக்கையை அச்சகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பதவிப் பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டது. தவறான சான்றிதழ் கொடுத்ததற்காகக் களத்தில் இறங்க மூன்று வருடம் தடை. இப்போது ஓடு வைக்கும் கிடங்கில் இருக்கிறேன். பெட்டிகளுக்கு எண் போடுகிறேன். எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய். ஒரு நாள் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். தண்டனை நியாயம்தான், அதனால் அழுகை குறைந்துவிடவில்லை.

அங்கே கிடைப்பதை எனக்கு எழுத வேண்டாம். தாங்காது.

லிங்யுன்


தோங்யா
19 ஆகஸ்ட் 1984

லிங்யுன்,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

முதலில் ஊர் கதை. இந்த வருடம் மழை பேருக்குப் பெய்தது. ஆறு முழங்காலைத் தாண்டவில்லை. நிங் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எங்கப்பா உன் வெள்ளம், வழி தெரியாம வேற ஊருக்குப் போயிடுச்சா?" என்கிறார். சிரித்துவிட்டுப் போகிறேன். வேறு என்ன செய்ய.

மேலே உள்ள மண்ணை ஏடு ஏடாக எடுத்து முடிக்கவே ஐந்து வாரம் ஆயிற்று. அடியில் ஒரே அறை. நாலு அடி எடுத்துவைத்தால் முடிந்துவிடும். தரை வெள்ளைவெளேரென்று, நேற்றுப் பூசியதுபோல. நடுவில் வட்ட அடுப்பு. அடுப்போரம் ஒரு பானை, அதில் தினைச் சாம்பல். ஆற்றுப் பக்கச் சுவரில் வாசல். எதிர்ச்சுவர் ஓரமாக ஐந்து பேர். ஐவரும் சின்னவர்கள். ஒருவர் மேல் ஒருவராகச் சுவரோடு ஒட்டிக்கொண்டு. பெரியவர் ஒருவர் வாசலுக்கும் அவர்களுக்கும் நடுவில், முழங்காலிட்டபடி, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இரண்டு கையும் விரிந்திருக்கிறது. ஆணா பெண்ணா என்று ஷீ இன்னும் முடிவு செய்யவில்லை. எனக்கு அது தேவையில்லை. முப்பது வருடமாக எலும்பைத் தூரிகையால் துடைக்கிறேன், அன்று கை ஓடவில்லை. மேலே ஏறி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

அன்று பிற்பகல் சம்பந்தி தூ வந்தார். பேச்சு முறிந்த பிறகு முதல் தடவை. குழியின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு சிகரெட் முடியும் வரை பார்த்தார்.

"வாசல் எந்தப் பக்கம்?" என்றார்.

"ஆத்துப் பக்கம்."

"நீங்க கட்டுறதா இருந்த வீட்டுக்கு?"

"அதே பக்கம்தான்."

இன்னொரு சிகரெட் எடுத்தார், பற்றவைக்கவில்லை. "அந்தக் கடைசியில இருக்கிறது, அதுக்கு என்ன வயசிருக்கும்?"

"ஆறு இருக்கலாம். ஏழு."

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "ஒன்பதாம் மாசம் இருபதாம் தேதி நல்ல நாள். பொண்ணு உங்க குகை வீட்டுக்கே வரட்டும். மேல இருக்கட்டும். மண்ணு உதிர்ந்தா கூட்டிக்குவா" என்றார். படகுக்குப் போகும் வழியில் திரும்பி வந்து, "இதை எழுதிக் கையெழுத்தை வாபஸ் வாங்கினது உங்க தங்கச்சின்னு சொன்னாங்களே, அவங்க எங்க?" என்று கேட்டார். கிடங்கில் இருக்கிறாள் என்று சொன்னேன். "எதுக்கு?" என்றார். 

அடுத்த நாள் நிங்கும் வந்தார். பார்த்தார், ஜோக் எதுவும் அடிக்கவில்லை. புது ஊருக்கு மேட்டில் வேறு இடம் பார்க்கச் சொல்லி மாவட்டத்துக்கு எழுதியிருக்கிறாராம். தானே யோசித்ததுபோல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லிக்கொள்ளட்டும்.

ஆக எனக்கு மருமகள் வருகிறாள். ஊருக்கு வேறு இடம் வருகிறது. உனக்கு மட்டும் எல்லாம் போயிற்று. அந்த மூத்தவர் கேட்டபோது நான் 'உண்டு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், களப்பணியாளரின் பேச்சும் சேர்ந்திருக்கும், தப்பு இரண்டு பேர் தலையிலும் பாதிப் பாதி விழுந்திருக்கும். உன் தலையில் முழுதாக விழ நான் வழிவிட்டு நின்றேன்.

அதற்குக் கடிதத்தில் மன்னிப்புக் கேட்பது சுலபம். அதனால் கேட்கவில்லை. இருபதாம் தேதிக்கு வா. களத்தில் இறங்கத்தான் உனக்குத் தடை, அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தடை இல்லை. என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் உன் அண்ணியோடு பேசு. என்னைத் திட்ட வேண்டுமானால் ஊரார் முன்னால் நிறுத்தித் திட்டு, நான் கோலைப் போட்டுவிட்டுப் போகமாட்டேன். திருப்பிக்கூடப் பேசமாட்டேன்.

ஆனால் வா.

ஷோதியன்